கல்லை எங்கே நடுவது? இனவெறிக்கு எதிரான ஜெர்மன், ஆஸ்திரியக் கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எதைப் பற்றியது?

1990க்குப் பிறகு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வெளிநாட்டவர் மீது நடந்த தாக்குதல்களையும், ‘இது எங்கள் நாடு, நீ யார்?’ என்று கேட்ட அரசியலையும் கலைஞர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதைப் பற்றி. இந்தப் படைப்புகளை அறிமுகப்படுத்தும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் கேள்விகள்தான் இங்கே தொகுக்கப்பட்டிருக்கின்றன. நான் பார்த்தவரையில், சண்டை மூண்டதெல்லாம் படைப்பு எப்படி இருந்தது என்பதற்காக இல்லை. அதை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதற்காகத்தான்.

அந்த வருஷங்களில் ஜெர்மனியில் அப்படி என்ன நடந்தது?

1990இல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாயின. கிழக்கில் ஆலைகள் மூடப்பட்டன, வேலை போயிற்று. அதே சமயம் யூகோஸ்லாவியப் போரிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் அடைக்கலம் கேட்டு லட்சக்கணக்கானோர் வந்தார்கள். 1991 செப்டம்பரில் ஹோயர்ஸ்வெர்டா என்ற ஊரில் வியட்நாம், மொசாம்பிக் தொழிலாளர்களின் விடுதிகளைக் கும்பல் தாக்கியது. அரசு செய்தது என்ன தெரியுமா? தாக்கப்பட்டவர்களைப் பேருந்தில் ஏற்றி ஊரைவிட்டு வெளியே கொண்டுபோனது. கும்பல் கேட்டதும் அதைத்தான்.

மறு வருஷம் ஆகஸ்ட் 22 முதல் ரோஸ்டோக் நகரின் லிக்டன்ஹாகன் பகுதியில் பல நாள் வெறியாட்டம். அங்கே ‘சூரியகாந்தி வீடு’ என்று ஓர் அடுக்குமாடிக் கட்டடம் இருக்கிறது. பக்கவாட்டுச் சுவர் முழுக்கப் பெரிய சூரியகாந்திப் பூக்கள் இருப்பதால் அந்தப் பெயர். 24ஆம் தேதி இரவு போலீஸ் பின்வாங்கிய நேரத்தில் பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட வியட்நாமியர் மாட்டிக்கொண்டார்கள். மொட்டைமாடி வழியாகப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தப்பிப் போனதால்தான் உயிர் பிழைத்தார்கள். கீழே அக்கம்பக்கத்தார் கூடி நின்று கைதட்டினார்கள். கல் எறிந்தவர்கள் சில நூறு பேர். வேடிக்கை பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

நவம்பர் 23 அன்று மோல்ன் நகரில் துருக்கியக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளுக்குத் தீ வைத்ததில் 3 பேர் இறந்தார்கள். 1993 மே 26 அன்று நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தையே திருத்தி, அடைக்கலம் கேட்கும் உரிமையைக் குறுக்கியது. மூன்றே நாள் கழித்து, மே 29 விடியற்காலையில், சோலிங்கனில் ஒரே குடும்பத்துப் பெண்களும் சிறுமிகளுமாக 5 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். சட்டத்தைத் திருத்தினால் கோபம் தணியும் என்று சொன்னவர்களுக்கு அந்த மூன்று நாள் இடைவெளியே பதில்.

ஒரு சொல்லை வைப்பதற்கு நாடாளுமன்றம் ஓட்டெடுப்பு நடத்தியதாமே?

ஆமாம். எனக்கு மிகவும் பிடித்த கதை என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தின் முகப்பில் ‘டெம் டாய்ச்சன் ஃபோல்க்க’ என்று எழுதியிருக்கும். ‘ஜெர்மன் மக்களுக்கு’ என்று பொருள். கட்டடம் 1894இலேயே கட்டி முடிந்தாலும் அந்த இடம் 22 வருஷம் வெறுமையாகக் கிடந்தது. மன்னருக்கு அந்த வாசகம் பிடிக்கவில்லை. முதல் உலகப் போர் நடுவே, 1916இல்தான் எழுத்துகள் ஏறின. நெப்போலியன் காலத்துப் போரில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்த எழுத்துகள் அவை. வார்த்தது லோவி என்ற யூதக் குடும்பத்தின் பட்டறை. ஜெர்மன் மக்களுக்கு என்று எழுத்து வார்த்துக் கொடுத்த அந்தக் குடும்பத்தில் சிலரைத்தான், நீங்கள் ஜெர்மன் மக்கள் இல்லை என்று சொல்லி நாஜிகள் பின்னாளில் கொன்றார்கள்.

1999இல் நாடாளுமன்றம் பான் நகரிலிருந்து பெர்லினுக்கு மாறியது. அதன் உள்முற்றத்துக்கு ஒரு படைப்பு கேட்டபோது, கொலோனில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஹான்ஸ் ஹாக்கே ஒரு யோசனை கொடுத்தார். வடக்கு முற்றத்தில் ஏறத்தாழ 21 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு மண் தொட்டி. நடுவில், முகப்பில் உள்ள அதே எழுத்துருவில், வானத்தைப் பார்த்தபடி ஒளிரும் எழுத்துகள்: ‘டேர் பெஃபோல்கருங்’.

தமிழில் இதைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம். ‘ஃபோல்க்’ என்பதற்கு மக்கள் என்று போட்டுவிடலாம், ஆனால் அதில் குலம், இனம், ரத்தம் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். ‘பெஃபோல்கருங்’ என்பது கணக்கெடுப்பில் வரும் மக்கள்தொகை. யார் பிள்ளை, எந்த ஊரிலிருந்து வந்தாய் என்று கேட்காத சொல். ‘இங்கே வாழ்கிறவர்களுக்கு’ என்று மொழிபெயர்த்தால் ஓரளவு சரியாக வரும். மக்கள் என்பதற்குப் பதில் மக்கள்தொகை என்று சொன்னாலே பல பொய்களுக்குத் துணைபோகாமல் தப்பலாம் என்று 1935இல், நாடு கடந்து வாழ்ந்த காலத்தில், ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார். ஹாக்கே பிடித்துக்கொண்டது அந்த நூலைத்தான்.

யோசனை வெளியே வந்ததும் சண்டை ஆரம்பித்துவிட்டது. முகப்பு வாசகத்தை அவமதிக்கிறார் என்றார்கள், அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்றார்கள். இடதுபக்கம் இருந்தவர்களிலும் சிலர் எதிர்த்தார்கள். 2000 ஏப்ரல் 5 அன்று விவாதம் நடந்து ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவு 260, எதிர்ப்பு 258, நடுநிலை 31. இரண்டே ஓட்டு.

அந்த வருஷம் ஜனவரி 1 முதல் ஜெர்மனியில் புதுக் குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1913 முதல் ஜெர்மன் ரத்தம் இருந்தால்தான் ஜெர்மானியர். புதுச் சட்டம், சில நிபந்தனைகளோடு, அங்கே பிறந்த வெளிநாட்டவர் பிள்ளைகளையும் குடிமக்கள் ஆக்கியது. உறுப்பினர்கள் அன்று உண்மையில் ஓட்டுப் போட்டது ஒரு தொட்டிக்காக இல்லை.

தொட்டியில் மண் எங்கிருந்து வந்தது?

அதுதான் அடுத்த குறும்பு. ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொகுதியிலிருந்து 50 கிலோ மண் கொண்டுவந்து கொட்ட வேண்டும். மண்ணோடு என்ன விதை வந்ததோ அது முளைக்கட்டும். யாரும் களை எடுக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, வெட்டக் கூடாது.

மண் என்றதும் ஜெர்மானியர் காதில் விழுவது ‘ரத்தமும் மண்ணும்’ என்ற நாஜிக் கோஷம். ஹாக்கே தெரியாமல் நாஜிகளின் சடங்கையே திரும்பச் செய்கிறார் என்று நல்லெண்ணம் உள்ளவர்களே கோபப்பட்டார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தக் கோஷத்துக்கு வேண்டியது ஒரு தூய மண். இங்கே நூற்றுக்கணக்கான ஊர் மண் கலந்து, எது எங்கிருந்து வந்தது என்று யாராலும் பிரிக்க முடியாமல் கிடக்கிறது. எந்தச் செடி உள்ளூர், எது வரத்து என்று கேட்க அங்கே ஆள் இல்லை. முதல் வருஷங்களில் பார்க்கச் சப்பென்றுதான் இருந்தது: கொஞ்சம் புல், கொஞ்சம் களை. பிறகு புதர் மண்டி, எழுத்துகளையே மறைக்கிற அளவுக்கு வளர்ந்தது. தினமும் படம் எடுக்க ஒரு கேமராவும் வைத்திருக்கிறார்கள்.

வெனிஸில் தரையை உடைத்ததும் இவர்தானா?

இவரேதான். 1993 வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி, அதில் ஜெர்மன் அரங்கு. 1938இல் நாஜிகள் தங்கள் ரசனைக்கேற்ப மாற்றிக் கட்டிய கட்டடம் அது. வாசலில் 1934இல் ஹிட்லர் அங்கே வந்த புகைப்படத்தை மாட்டினார். கதவுக்கு மேலே, முன்பு கழுகுச் சின்னம் இருந்த இடத்தில், அன்றைய ஜெர்மன் நாணயமான ஒரு மார்க்கைப் பெரிதாகச் செய்து வைத்தார். உள்ளே பளிங்குத் தரையைப் பெயர்த்து உடைத்து அப்படியே போட்டுவிட்டார். பார்க்க வந்தவர்கள் உடைந்த பலகைக் கற்கள் மேல் தடுமாறித் தடுமாறி நடந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் கல் ஆடும் சத்தம் அரங்கு முழுக்க எதிரொலித்தது. சோலிங்கன் தீ எரிந்து சில வாரமே ஆன ஜூன் மாதம். அந்த வருஷத் தங்கச் சிங்கம் விருதை அவரும், அதே அரங்கில் காட்சி வைத்திருந்த கொரியக் கலைஞர் நாம் ஜூன் பைக்கும் பகிர்ந்துகொண்டார்கள்.

வியன்னாவில் அகதிகளை கன்டெய்னரில் அடைத்து, அவர்களைத் துரத்த ஊராரை ஓட்டுப் போட வைத்தார்களாமே, அது உண்மையா?

நடந்தது உண்மை, நாடகம் என்பதும் உண்மை. எது எவ்வளவு என்பதைத்தான் யாராலும் கடைசிவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

2000 பிப்ரவரியில் ஆஸ்திரியாவில் யோர்க் ஹைடர் வளர்த்த சுதந்திரக் கட்சி, பழமைவாத மக்கள் கட்சியோடு கூட்டுச் சேர்ந்து ஆட்சிக்கு வந்தது. வெளிநாட்டவர் வெறுப்பைப் பிரசாரமாகவே செய்த கட்சி அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற 14 நாடுகளும் ஆஸ்திரிய அரசோடு உறவைக் குறைத்துக்கொண்டன. அந்த ஜூனில் வியன்னா விழா வாரங்கள் என்ற புகழ்பெற்ற கலைவிழாவுக்கு ஜெர்மன் இயக்குநர் கிறிஸ்டோஃப் ஷ்லிங்கென்சீஃபை அழைத்திருந்தார்கள்.

அவர் கேட்ட இடம் அரங்கம் இல்லை. வியன்னா அரசு ஓப்பராவுக்குப் பக்கத்துச் சதுக்கம். சுற்றுலாப் பயணிகள் கேமராவோடு நிற்கும், பணக்காரச் சீமாட்டிகள் காரிலிருந்து இறங்கும் இடம். அங்கே கன்டெய்னர்களை அடுக்கி, 12 பேரை அடைக்கலம் கேட்டு வந்தவர்கள் என்று அறிமுகப்படுத்தி உள்ளே அனுப்பினார். போகும்போது சிலர் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டார்கள், சிலர் விக் வைத்திருந்தார்கள். அப்போதுதான் பிரபலமாகத் தொடங்கியிருந்த பிக் பிரதர் நிகழ்ச்சியின் பாணிதான். உள்ளே கேமராக்கள், இணையத்தில் நேரலை, வேலியில் எட்டிப் பார்க்க ஓட்டைகள். ஒவ்வொரு நாளும் பொதுமக்கள் ஓட்டுப் போட்டு இரண்டு பேரை வெளியேற்ற வேண்டும். அவர்கள் ‘நாடு கடத்தப்படுவார்கள்’. கடைசியில் மிஞ்சுபவருக்குப் பரிசுப் பணம், கூடவே ஆஸ்திரியக் குடியுரிமை உள்ள ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளும் வாய்ப்பு. கன்டெய்னர் உச்சியில் சுதந்திரக் கட்சிக் கொடிகள். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் ஒரு பலகை: ‘வெளிநாட்டவரே வெளியேறு’.

ஷ்லிங்கென்சீஃப் மெகாஃபோனோடு கூரையில் ஏறி நின்றுகொண்டு, வாருங்கள், படம் எடுங்கள், இதுதான் ஆஸ்திரியா என்று பயணிகளைக் கூவி அழைத்தார். ஆறு நாளும் அந்தச் சதுக்கத்தில் தெரியாதவர்கள் தெரியாதவர்களோடு சண்டை போட்டார்கள். பலகையை எடு என்று கத்தியவர்களில் ஹைடருக்கு ஓட்டுப் போட்டவர்களும் இருந்தார்கள். வெறுப்பு இருக்கலாம், வெளிநாட்டுக்காரன் பார்க்க ஓப்பராவுக்குப் பக்கத்தில் தொங்கத்தான் கூடாது.

இது அகதிகளைக் கேலி செய்வது ஆகாதா?

கேட்க வேண்டிய கேள்வி. அந்தப் 12 பேரும் வேறொருவர் எழுதிய நாடகத்தில் பொம்மைகள் மாதிரி நடத்தப்பட்டார்கள் என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. இணையத்தில் போட்ட அவர்களது வாழ்க்கைக் குறிப்புகள் கட்சியின் பிரசாரம் பேசும் அதே இளக்காரமான தொனியில் எழுதப்பட்டிருந்தன. எழுத்தாளர் எல்ஃப்ரீட யெலினெக் நான்கு வருஷம் கழித்து நோபல் பரிசு வாங்கியவர். அவர் ஒருநாள் வந்து உள்ளே இருந்தவர்களோடு சேர்ந்து ஒரு பொம்மலாட்டம் தயாரித்தார்; அவர்கள் குரல் கொஞ்சமாவது கேட்டது அப்போதுதான்.

ஆனாலும் ஒன்று. ஓட்டுப் போட்டு ஆளைத் துரத்துவதை ஷ்லிங்கென்சீஃப் கண்டுபிடிக்கவில்லை. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வாக்குச்சாவடியில் நாகரிகமாக நடப்பதை அவர் தினசரி நிகழ்ச்சியாக ஆக்கினார், அவ்வளவுதான்.

அரசை எதிர்த்தவர்களே கன்டெய்னரைத் தாக்கியது ஏன்?

ஆட்சியை எதிர்த்து வியன்னாவில் வாராவாரம் வியாழக்கிழமை ஊர்வலம் நடந்துகொண்டிருந்தது. அந்த வாரம் ஊர்வலத்தில் வந்த ஒரு கூட்டம் வேலியைத் தாண்டி, கூரையில் ஏறி, பலகையை உடைத்து, உள்ளே இருந்தவர்களை ‘விடுதலை’ செய்யப் போனது. உள்ளே இருந்தவர்கள் பயந்துபோனார்கள். நாடகத்தில் இருந்தவர்களை விடுவித்துவிட்டு, நிஜத் தடுப்பு முகாம்களை அப்படியே விட்டுவிட்டு ஊர்வலம் வீட்டுக்குப் போயிற்று. கதாசிரியர் யாராவது எழுதியிருந்தால் ரொம்ப ஓவர் என்று சொல்லியிருப்போம்.

கொலை விசாரணை எப்படிக் கலையாகும்? காசெல் விஷயம் என்ன?

2000 முதல் 2007 வரை ஜெர்மனியின் பல நகரங்களில் ஒரே கும்பல் 10 பேரைச் சுட்டுக் கொன்றது. ஒன்பது பேர் குடியேறிய குடும்பத்தார்: எட்டுப் பேர் துருக்கியப் பின்னணி, ஒருவர் கிரேக்கர். பத்தாவது ஒரு போலீஸ்காரப் பெண். இத்தனை வருஷமும் போலீஸ் சந்தேகப்பட்டது செத்தவர்களின் குடும்பங்களைத்தான்: போதைப்பொருளா, கள்ளத்தொடர்பா, மாஃபியாவா என்று. பத்திரிகைகள் ‘டோனர் கொலைகள்’ என்று கெபாப் பெயரை வைத்தன. தேசிய சோசலிசத் தலைமறைவு என்ற நவநாஜிக் கும்பல்தான் செய்தது என்று வெளியே வந்தது 2011 நவம்பரில்.

ஒன்பதாவது கொலை 2006 ஏப்ரல் 6 அன்று காசெலில். ஹாலிட் யோஸ்காட், வயது 21, தன் குடும்பத்தின் இன்டர்நெட் கடையில் கவுண்டருக்குப் பின்னால் சுடப்பட்டார். உள்நாட்டு உளவுத் துறை அலுவலர் ஒருவர் அந்த நேரத்தில் அதே கடையில் ஒரு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் தானாக முன்வந்து சாட்சி சொல்லவில்லை; போலீஸ் கண்டுபிடித்துப் போனது. சத்தம் கேட்கவில்லை, 50 சென்ட் நாணயத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டுக் கிளம்பினேன், உடலைப் பார்க்கவில்லை என்றார்.

லண்டனில் இயங்கும் ஃபொரன்சிக் ஆர்க்கிடெக்சர் என்ற ஆய்வுக் குழு இதைத்தான் எடுத்துக்கொண்டது. கடையின் பரப்பு 77 சதுர மீட்டர். கொலைக்கான நேர இடைவெளி 9 நிமிடம் 26 விநாடி. படைப்பின் தலைப்பே இந்த இரண்டு எண்கள்தான். கசிந்த போலீஸ் கோப்புகளிலிருந்து கணினி உள்நுழைவு நேரங்களையும், தொலைபேசிப் பதிவுகளையும், அந்த அலுவலரே நடந்து காட்டிய போலீஸ் வீடியோவையும் எடுத்து, பெர்லினில் அந்தக் கடையை அசல் அளவில் கட்டினார்கள். துப்பாக்கிச் சத்தம் பின்னறைக்கு எத்தனை டெசிபலில் போகும், வெடிமருந்து வாசனை எப்படிப் பரவும், அந்த உயரமுள்ள ஆள் கவுண்டரில் காசு வைக்கக் கையை நீட்டினால் கண்ணுக்கு என்ன தெரியும் என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். அவர் சொல்வது நடந்திருக்க வாய்ப்பில்லை என்பது அவர்கள் முடிவு. மியூனிக் நீதிமன்றம் அவர் சாட்சியத்தை நம்பத்தகுந்தது என்று எடுத்துக்கொண்டது. அவர் மேல் இருந்த விசாரணை முன்னமே கைவிடப்பட்டிருந்தது.

2017இல் இதைக் காட்டிய இடம் காசெல். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை 100 நாள் நடக்கும் டாக்குமென்டா கண்காட்சிக்கு உலகமே வரும் ஊர். கொலை நடந்த அதே ஊரில், கோப்பும் வரைபடமும் மூன்று திரையில் ஓடின. இது ஆதாரம் இல்லை, கலை என்று ஆளுங்கட்சித் தரப்பினர் தள்ளினார்கள். கலை உலகில் சிலரோ, இது கலை இல்லை, ஆதாரம் என்றார்கள். இரண்டு பக்கமும் கையைக் கழுவ ஒரே சோப்பு.

மகனைக் கவுண்டருக்குப் பின்னால் ரத்தத்தில் கண்டது அவருடைய அப்பாதான். அவர் நீதிபதிகளிடம் கேட்டதும் இதுதான்: கடைக்கு வந்து இடத்தைப் பாருங்கள். தாங்கள் வாழ்ந்த ஹொலண்டிஷ தெருவுக்கு மகன் பெயரை வையுங்கள் என்றும் குடும்பம் கேட்டது. நகராட்சி தெருவைக் கொடுக்கவில்லை. அதுவரை பெயரே இல்லாத ஒரு சின்னச் சதுக்கத்துக்கு 2012இல் ஹாலிட் சதுக்கம் என்று பெயர் வைத்தது.

அதே காசெலில் ஒரு தூணைப் பெயர்த்து எடுத்தார்களே?

அதே 2017 டாக்குமென்டாவுக்கு ஓலு ஓகுய்பே நிறுத்திய 16 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கான்கிரீட் தூண். ஓகுய்பே நைஜீரியாவில் பிறந்தவர். அங்கே பியாஃப்ரா போர் என்ற உள்நாட்டுப் போர் நடந்தபோது சின்னப் பையன். தூணின் நான்கு பக்கமும் ஜெர்மன், ஆங்கிலம், துருக்கி, அரபு மொழிகளில் பைபிள் வசனம், மத்தேயு 25:35: ‘அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்.’ இடம் நகர மையத்தில் உள்ள கோனிக்ஸ் சதுக்கம். டிராம் போகும், எல்லோரும் நடக்கும் இடம்.

ஜெர்மனிக்கான மாற்று என்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் நகர்மன்ற உறுப்பினர் ஒருவர் இதை ‘உருச்சிதைந்த கலை’ என்றார். 1937இல் நாஜிகள் நடத்திய ‘சீரழிந்த கலை’ கண்காட்சியின் பெயருக்கு ஜெர்மனில் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். கேட்டவர்களுக்குப் புரிந்தது.

கண்காட்சி முடிந்ததும் தூணை வாங்க நகரம் நன்கொடை திரட்டியது. எதிர்பார்த்தது 6 லட்சம் யூரோ, சேர்ந்தது ஏறத்தாழ 1,26,000. கலைஞர் அதையே ஏற்றுக்கொண்டார். ஆனால் இடத்தில் பிடிவாதம்: கோனிக்ஸ் சதுக்கம்தான். நகர்மன்றம் வேறு இடம் என்றது. 2018 அக்டோபர் 3 அதிகாலையில், முன்னறிவிப்பு இல்லாமல், கிரேன் வந்து தூணைக் கழற்றியது. அக்டோபர் 3 ஜெர்மன் ஒற்றுமை தினம், அரசு விடுமுறை. யாருக்குத் தோன்றிய தேதியோ! கடைசியில் சமரசமாகி, 2019 ஏப்ரலில் கொஞ்சம் தள்ளி ட்ரெப்பன் தெருவில் மறுபடி நின்றது. எதிர்த்தவர்கள் கல்லை ஏற்றுக்கொள்கிறார்கள், சதுக்கத்தைத் தர மாட்டார்கள்.

அரசியல்வாதி வீட்டுப் பக்கத்தில் நினைவுச்சின்னம் கட்டியது தொல்லை கொடுப்பது இல்லையா?

ஓரளவு தொல்லைதான். 2017 ஜனவரியில் டிரெஸ்டனில் ஜெர்மனிக்கான மாற்று கட்சியின் ப்யோர்ன் ஹோக்க என்ற அரசியல்வாதி பேசும்போது, பெர்லினில் உள்ள யூத இனப்படுகொலை நினைவிடத்தைக் குறிப்பிட்டு, தலைநகரின் நெஞ்சில் ‘அவமானத்தின் நினைவுச்சின்னத்தை’ நட்டுக்கொண்ட ஒரே மக்கள் நாம்தான் என்றார். அந்த நவம்பரில் பொலிட்டிகல் பியூட்டி மையம் என்ற கலைக்குழு, பார்ன்ஹாகன் என்ற குக்கிராமத்தில் அவர் வீட்டுக்கு அடுத்த மனையை வாடகைக்கு எடுத்து, அந்த நினைவிடத்தின் பாணியில் 24 கான்கிரீட் பலகைகளை நட்டது. அசலில் 2,711 இருக்கின்றன. அவர் ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரிந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் அழகு. பல மாதம் அவரை வேவு பார்த்தோம் என்று வேறு சொல்லி, அவர் மண்டியிட்டால் விடுகிறோம் என்றார்கள். அதில் எவ்வளவு நாடகம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், குற்றக் கும்பல் என்ற பிரிவில் அரசு வழக்கறிஞர் விசாரணை ஆரம்பிக்க அது வழி செய்தது. 2019இல் அது வெளியே தெரிந்து சிரிப்பாய்ச் சிரித்ததும் கைவிடப்பட்டது.

இதே குழு 2015 ஜூனில் செய்தது வேறு ரகம். மத்தியதரைக் கடலில் மூழ்கி இறந்த ஒரு சிரியத் தாயை, குடும்பத்தின் சம்மதத்தோடு, பெர்லின் காட்டோ இடுகாட்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். குழிக்குப் பக்கத்தில் வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் அமைச்சர்கள் பெயர்ச்சீட்டு. யாரும் வரவில்லை. காலி நாற்காலிகள் முன்னால் ஜனாஸா தொழுகை நடந்தது.

தோற்றுப்போன படைப்புகள் இல்லையா?

ஏன் இல்லை? மேலே சொன்ன குழுவே 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு எதிரே ஒரு தூண் நிறுத்தி, அதற்குள் நாஜிகள் கொன்றவர்களின் எச்சங்கள் கலந்த மண் இருப்பதாக அறிவித்தது. யூத அமைப்புகள் கொதித்துப்போயின. புதைந்தவர்களைத் தோண்டிக் காட்சிப்பொருள் ஆக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? குழு மன்னிப்புக் கேட்டுத் தூணின் உள்பகுதியை மறைத்தது. செத்தவர்களின் ஆட்களைக் கேட்காமல் செத்தவர்களைத் தொடக் கூடாது. காட்டோவில் கேட்டார்கள், இங்கே கேட்கவில்லை.

இன்னொன்று ரோஸ்டோக்கில். 20ஆம் ஆண்டு நினைவாக 2012 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் முன்னிலையில் சூரியகாந்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓக் மரக்கன்று நட்டார்கள். ஓக் ஜெர்மன் தேசியவாதத்தின் பழைய சின்னம்! சில நாளில் இரவோடு இரவாக யாரோ ரம்பத்தால் அறுத்துவிட்டுப் போனார்கள். ரம்பத்தையே பெயரில் வைத்துக்கொண்ட ஒரு பாசிச எதிர்ப்புக் குழு, நாங்கள்தான் என்றது. மரத்தை வெட்டுவது எனக்கு ஒப்பாது, ஆனால் நட்டவர்களும் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

ரோஸ்டோக்கில் பிறகு என்ன வைத்தார்கள்?

2017இல் ஷௌம் என்ற உள்ளூர்க் கலைக்குழு ஒரே நினைவுச்சின்னத்தை ஊரில் ஐந்து இடமாகப் பிரித்து வைத்தது. சூரியகாந்தி வீடு ஒன்று. மற்றவை எங்கே என்று பாருங்கள்: நகராட்சி மண்டபம், போலீஸ் அலுவலகம், உள்ளூர் நாளிதழின் அலுவலகம், ஒரு காலத்தில் இடதுசாரி இளைஞர் மையம் இருந்த இடம். அரசியல், அரசு அதிகாரம், ஊடகம், சமூகம் என்று ஒவ்வொரு பளிங்குக் கல்லுக்கும் பெயர். நம் பக்கம் நடுகல்லை வீரன் விழுந்த இடத்தில் நடுவார்கள். இங்கே தீ வைத்த இடத்தில் ஒன்றும், தீ பரவ விட்டவர்களின் வாசலில் மீதியில் மூன்றும். கண்ணைக் கவரும் சிற்பம் இல்லை, நிறையப் பேர் கவனிக்காமலே தாண்டிப் போகலாம். ஆனால் போலீஸ்காரர் தினமும் வேலைக்குப் போகும் வழியில் அது நிற்கிறது.

தமிழர்களுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. 1983க்குப் பிறகு ஈழத்தமிழர் பலர் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து அடைக்கலம் கேட்டார்கள். 1985இல் அந்த வழி அவர்களுக்கு அடைபட்டது. ஜெர்மனில் ‘அசூல்’ என்றால் அடைக்கலம். ‘அசூல் அடிச்சிட்டு இருக்கிறான்’ என்பது அந்தத் தலைமுறையின் அன்றாடத் தமிழ். லிக்டன்ஹாகன் எரிந்தபோது விடுதி அறைகளில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். கன்டெய்னர் வாழ்க்கை பலருக்கு நாடகம் இல்லை, நிஜ முகவரி. ஊருக்கு ஊர் ‘வந்தான் வரத்தான்’ என்று சொல்லும் பழக்கம் நம்மிடமும் உண்டு என்பதால், கோனிக்ஸ் சதுக்கச் சண்டையைப் புரிந்துகொள்ள நமக்கு அகராதி வேண்டாம்.

இதனால் வன்முறை குறைந்ததா?

இல்லை. 2020 பிப்ரவரி 19 அன்று ஹனாவ் நகரில் ஒருவன் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த 9 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கேயும் அடுத்து வந்தது இடப் பிரச்சினைதான். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் சிலை நிற்கும் சந்தைச் சதுக்கத்தில் நினைவுச்சின்னம் வேண்டும் என்று குடும்பங்கள் கேட்டன. அங்கே வேண்டாம் என்றது நகரம்.

கலை துப்பாக்கியைத் தடுக்கும் என்று இவர்களில் யாரும் சொன்னதாக எனக்குத் தெரியாது. காசெல் கடையை அசல் அளவில் கட்டியவர்கள் ஒரு சாட்சியத்தின் மேல் கேள்விக்குறி போட்டார்கள். ஹாக்கே ஒரு சொல்லை மாற்றினார். அளவு அவ்வளவுதான்.

இவற்றை இன்று நேரில் பார்க்கலாமா?

பெர்லினில் நாடாளுமன்றத்தின் மேல்தளத்துக்குப் போக இலவசம், முன்பதிவு வேண்டும். கண்ணாடிக் குவிமாடத்தைப் படம் எடுத்த பிறகு வடக்கு முற்றத்தை எட்டிப் பாருங்கள். கோடையில் போனால் செடிகளுக்கு நடுவே எழுத்தைத் தேட வேண்டியிருக்கும். காசெல் தூண் ட்ரெப்பன் தெருவில் இருக்கிறது, பழைய இடத்திலிருந்து சில நிமிட நடை. சோலிங்கனில் எரிந்த வீடு இருந்த மனையை யாரும் கட்டாமல் விட்டு, இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக ஐந்து மரம் நட்டிருக்கிறார்கள்.

வியன்னாவில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆறு நாள் முடிந்ததும் கன்டெய்னர்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஷ்லிங்கென்சீஃப் 2010இல் புற்றுநோயில் இறந்துபோனார், வயது 49. சதுக்கத்தில் ஓப்பராவுக்கு வருகிறவர்கள் வழக்கம்போலக் காரிலிருந்து இறங்குகிறார்கள்.